இருபத்திரண்டாவது தோல்வி

றெமிஜியஸ்: மீன்கடைக்கு இடப்பக்கமெல்லோ திரும்பவேணும்.

மலர்: மீன் பிறகு வாங்கலாம் அண்ணை.

றெமிஜியஸ்: ஞாயிற்றுக்கிழமை பிறகு எண்டா விளைமீன் இராது, பாரைத் தலைதான் கிடக்கும்... நீ எங்கை போறாய்? உது ஸ்ரௌவ்வில்லுக்குப் போற றோட்டு.

மலர்: ஓம்.

றெமிஜியஸ்: ஓமோ?

மலர்: மத்தியானச் சாப்பாட்டுக்குப் போறம். அவர் கறி வைக்கிறார்.

றெமிஜியஸ்: காரை நிப்பாட்டு.

மலர்: எண்பதிலை போறன். பின்னாலை லொறி வருது.

றெமிஜியஸ்: கதவைத் திறந்து குதிப்பன்.

மலர்: அந்தப் பெல்ற்றைக் கழட்டவே உங்களுக்கு நான் வேணும். பேசாமல் இருங்கோ.

றெமிஜியஸ்: பூசை முடிஞ்சு வாற மனிசனைக் கடத்திக்கொண்டு போறாய். கூடப்பிறந்தவள் செய்யிற வேலையோ இது? ... அந்த ஹீற்றரைக் கூட்டு. காது விறைக்குது.

மலர்: உங்கடை தொப்பி எங்கை? அண்ணி பின்னித் தந்த மண்ணிறத் தொப்பி.

றெமிஜியஸ்: துலைஞ்சுபோச்சு.

மலர்: எங்கை?

றெமிஜியஸ்: போன மாசம் குலசிங்கத்தார் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். சப்பாத்தைக் கழட்டேக்கை தொப்பியையும் கழட்டி வைச்சன். திரும்பி வந்து பாத்தா சப்பாத்து மட்டுந்தான் கிடக்குது.

மலர்: மாதாகோயிலுக்குப் போற வேதக்காரன், போய்ப் பிள்ளையாருக்குத் தொப்பி குடுத்திட்டு வந்திருக்கிறியள்.

றெமிஜியஸ்: பொங்கல் நல்லாயிருக்கும் எண்டு சொன்னவர்... அதை விடு. ஸ்ரௌவ்வில்லுக்கு நான் ஏன் வாறன்? ஒரு வேலையும் இல்லை எனக்கு அங்கை.

மலர்: இருக்கு. இண்டைக்குப் பூசையிலை எங்கடை கலியாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டு ஞாயிறுதான். அதுக்கடுத்த சனி கலியாணம். ஐயா உயிரோடை இல்லை. நீங்கள் என்னைக் கையிலை பிடிச்சுப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும்.

றெமிஜியஸ்: கோயிலுக்கு வருவன். கடைசி வரிசையிலை, பின்வாங்கிலை குந்தியிருப்பன்.

மலர்: பின்வாங்கு வேண்டாம். நாப்பத்தெட்டு வயசிலை நான் தனிய நடந்துபோறதைப் பாக்க உங்களுக்கு வாங்கு வேறை தேவையோ?

றெமிஜியஸ்: நீ அந்த ஓலை வாசிச்சதைக் கேட்டனியே? சுவாமி கண்ணாடியை ஏத்தினார், இறக்கினார். சுசுமு... இவன்... ஆகா... எண்டார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பாக்குது. பேரிலையே கிடக்குது பிள்ளை, இவன் ஆகான் எண்டு.

மலர்: இவனாகா. ஒரே சொல்லு. அது அவையின்ரை குடும்பப் பேர்.

றெமிஜியஸ்: சேத்து வாசிச்சாலும் ஆகான்தான்.

மலர்: பகிடியை விடுங்கோ. என்ன குறை கண்டனீங்கள் அவரிலை? வேதமோ? எங்கடை வேதந்தான். நாகசாகிக்கு அங்காலை ஒரு தீவிலை பிறந்த ஆள்.

றெமிஜியஸ்: தீவோ?

மலர்: ஓம். தீவான்தான், எங்களைப்போல.

றெமிஜியஸ்: ... அதை ஏன் நீ முதல் சொல்லேல்லை?

மலர்: சொல்ல விட்டனீங்களோ? ஜப்பான்காரன் எண்ட சொல்லோடை ரெலிபோனை வைச்சிட்டியள். ஒல்லாந்தன் காலத்திலை எங்கடை ஆக்கள் ஒளிச்சிருந்து செபம் சொன்னமாதிரி, அவையும் இருநூறு வருசத்துக்கு மேலை ஒளிச்சிருந்து சொன்னவை. எங்களைவிட அவைதான் கெட்டியாப் பிடிச்சவை.

றெமிஜியஸ்: சரி, வேதம் சரி. தீவெண்டதும் சரி... ஆனா பேபியக்கா கோயில் வாசலிலை வைச்சு என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. அவனுக்கு றெக்கோட் இருக்காம்.

மலர்: அதைச் சொன்னதே நான்தான். அவர் மேடையிலை சண்டை பிடிச்சுப் பிழைச்ச ஆளெல்லோ, அந்தச் சண்டை றெக்கோட். எத்தினை வெண்டது, எத்தினை தோத்தது எண்ட கணக்கு. அவ அதைப் பொலிஸ் றெக்கோட் எண்டு விளங்கிக்கொண்டு பாடற்குழு முழுக்கச் சொல்லி, இப்ப எனக்காக ஒன்பது நாள் செபம், நவநாள் தொடங்கியிருக்கினம்.

றெமிஜியஸ்: எனக்குத் தெரியும் அது சண்டைக் கணக்கெண்டு. நான் பாத்தனான். பதினெட்டு வெற்றி, இருபத்தொரு தோல்வி. வெண்டதைவிடக் கூடத் தோத்தவனுக்கு ஆர் பிள்ளை பொம்பிளை குடுப்பினம்?

மலர்: இருபத்திரண்டு.

றெமிஜியஸ்: என்ன?

மலர்: தோல்வி இருபத்திரண்டு.

றெமிஜியஸ்: இருபத்தொண்டு. நான் ஒவ்வொண்டா எண்ணினனான். ஊரிலை மாப்பிள்ளை பகுதியார் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுவினம். நீ தோல்வியைக் கூட்டிச் சொல்லுறாய்.

மலர்: அவர் சொன்ன கணக்கு அது. ... ஆனா வேண்டாத ஆளின்ரை சண்டையை நீங்கள் ஏன் இருந்து எண்ணினனீங்கள்? அண்ணி சொன்னவ, ஐபாட்டை ஆருக்கும் குடுக்கிறியள் இல்லையாம்.

றெமிஜியஸ்: விசாரிக்கவேணுமெல்லோ. ஒரு கலியாணமெண்டா நாலு பேரிட்டை விசாரிக்கிறதில்லையோ? எனக்கு ஜப்பானிலை ஆரைத் தெரியும்? அதாலை வீடியோவிலை விசாரிச்சன்.

மலர்: விசாரிச்சு?

றெமிஜியஸ்: ஒசாக்காவிலை அந்தப் பிறேசில்காரனோடை அவன் இடக்கையைக் கீழை விட்டிருக்கக்கூடாது. முதல் சுற்று முழுக்க இவன்ரை கை ஓங்கித்தான் கிடந்தது. கையைக் கீழை விட்டான், தாடையிலை வாங்கினான். எனக்குச் சோறு இறங்கேல்லை... உன்ரை அண்ணிக்குச் சும்மா பசிக்கேல்லை எண்டு சொல்லி வைச்சன்.

மலர்: பாவம் அண்ணி.

றெமிஜியஸ்: சிரியாதை. நான் அவன்ரை சண்டையைக் குறை சொல்லேல்லை. குணத்தைச் சொல்லுறன். அவன் புகழ்ச்சிக்கு மயங்கிற ஆள்.

மலர்: என்னண்டு?

றெமிஜியஸ்: நான் பாத்தனான்தானே. எதிராளியின்ரை கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கொண்டு கிடப்பான். நல்ல பிடி. அந்த நேரம் பாத்து மற்றவன் இவன்ரை கையிலை மெல்லமாத் தட்டிக்குடுப்பான், 'கெட்டிக்காரன், கெட்டிக்காரன்' எண்டு. உடனை இவன் பிடியை விட்டிடுவான். நாலைஞ்சு சண்டையிலை இதே கதை. ரெண்டு தட்டுத் தட்டினா உருகிப்போற மனிசனை நம்பி என்னண்டு குடும்பம்... ஏன் காரை ஓரங்கட்டுறாய்?

மலர்: பொறுங்கோ... கண் தெரியேல்லை... கொஞ்சம் சிரிச்சிட்டு ஓடுறன்.

றெமிஜியஸ்: இதிலை சிரிக்க என்ன கிடக்கு?

மலர்: அண்ணை, அது தட்டிக்குடுக்கிறதில்லை. தட்டுறது. பிடிபட்ட ஆள் தட்டினா, 'நான் தோத்திட்டன், விடு' எண்டு அர்த்தம். தட்டினோடனை விடவேணும். விடாட்டித்தான் குற்றம். அந்த நாலைஞ்சும் அவர் வெண்ட சண்டை.

றெமிஜியஸ்: ... தட்டினவன் தோத்தவனோ?

மலர்: ஓம்.

றெமிஜியஸ்: வாயாலை சொல்ல ஏலாதோ?

மலர்: கழுத்தை நெரிச்சா வாய் என்னண்டு வரும்?

றெமிஜியஸ்: ம்... நீ காரை எடு. லொறிக்காரன் பாக்கிறான்.

மலர்: எடுக்கிறன். உங்களுக்கு ஒண்டு சொல்லட்டோ? இத்தினை வருசச் சண்டையிலை அவர் ஒருக்காலும் தட்டினதில்லை. ஜப்பானிலை அவருக்கு இருந்த பேரே அதுதான். வெல்லுவார் எண்டு ஆரும் ரிக்கற் எடுக்கிறேல்லையாம். தட்டமாட்டார் எண்டு தெரிஞ்சு, அதைப் பாக்கத்தான் சனம் வாறதாம். மயங்கி விழுந்திருக்கிறார், நடுவர் வந்து நிப்பாட்டியிருக்கிறார், விலா எலும்பு வெடிச்சிருக்கு. தட்டமாட்டார்.

றெமிஜியஸ்: விசரோ?

மலர்: நானும் அதைத்தான் கேட்டனான். கடைசிச் சண்டை இஞ்சை ரொறன்ரோவிலைதானே. ஒரு கியூபெக் பெடியன் கையை முறுக்கிப் பிடிச்சிட்டான். அவற்றை கோச்சே கத்துறாராம், தட்டு தட்டு எண்டு. பிடிச்ச பெடியனும் கெஞ்சுறானாம், தட்டுங்கோ ஐயா எண்டு. இவர் கூரையைப் பாத்துக்கொண்டு கிடந்தாராம். பிறகு கை முறிஞ்ச சத்தம் மூண்டாவது வரிசைக்குக் கேட்டதாம். அண்டைக்கு எக்ஸ்றே எடுக்கிற இடத்திலை வேலைக்கு நிண்டது நான்.

றெமிஜியஸ்: ஆக்கள் முகத்தைப் பாத்து விரும்புவினம். நீ எலும்பைப் பாத்து விரும்பியிருக்கிறாய்.

மலர்: ஓம், உள்ளுக்கை எல்லாம் பாத்துப்போட்டுத்தான் ஓமெண்டனான். ஏன் தட்டேல்லை எண்டு கேட்டன். கையைப் படத்துக்கு நேரா வைச்சுக்கொண்டு, பழக்கமில்லை எண்டு சொன்னவர். அதோடை சண்டையை விட்டிட்டு இஞ்சையே நிண்டு, டயர்க் கடைக்குப் பக்கத்திலை அந்தப் பயிற்சிக்கூடத்தைத் திறந்தவர்.

றெமிஜியஸ்: ... மலர்.

மலர்: சொல்லுங்கோ.

றெமிஜியஸ்: இந்தத் தட்டுறது... எங்கை தட்டினாலும் கணக்கோ? முழங்கைக்குக் கீழை எண்டா?

மலர்: கணக்குத்தான்.

றெமிஜியஸ்: மெல்லமாத் தட்டினா?

மலர்: மெல்லமோ பலமோ, தட்டினா தோல்விதான்.

றெமிஜியஸ்: பிடிச்சவன் சண்டை தெரியாத ஆளெண்டா? கொஞ்சம்... வயசும் போன ஆளெண்டா? வயிறு தள்ளி வண்டியும் வைச்சு, சப்பாத்தில்லாமல் வெறும் மேஸோடை நிண்டு பிடிச்ச ஆளெண்டா?

மலர்: மேஸோடையோ?

றெமிஜியஸ்: ஒரு உதாரணத்துக்குக் கேக்கிறன்.

மலர்: உதாரணம் நல்லாத்தான் கிடக்கு. அண்ணை, என்ன நடந்தது?

றெமிஜியஸ்: ... நான் பிள்ளையார் கோயிலுக்குப் போகேல்லை.

மலர்: அப்ப?

றெமிஜியஸ்: பஸ் எடுத்து ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தனான். இனி என்ரை தங்கைச்சியின்ரை பக்கம் தலைவைச்சுப் படுக்கக்கூடாது எண்டு இங்கிலிசிலை சொல்ல, பஸ்ஸுக்குள்ளை இருந்து பாடமாக்கிக்கொண்டு வந்தனான். பயிற்சிக்கூடத்துக்குள்ளை கால் வைக்கிறன், அவன் என்ரை காலைக் காட்டுறான். சப்பாத்தைக் கழட்டட்டாம். கழட்டினன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஒருத்தனை என்னண்டு பிள்ளை வெருட்டுறது? பாடமாக்கினது பாதி அதிலை போச்சு.

மலர்: பிறகு?

றெமிஜியஸ்: நான் மலரின்ரை அண்ணன் எண்டு சொன்னன். அவன் உடனை குனிஞ்சான். அவையின்ரை வணக்கம் எண்டு எனக்கு அந்த நேரம் விளங்கேல்லை. முன்னாலை பாத்தா கழுத்து. என்ரை கைக்கு நேரை கொண்டுவந்து வைச்சமாதிரிக் கழுத்து... பிடிச்சிட்டன்.

மலர்: கடவுளே.

றெமிஜியஸ்: பிடிச்ச பிறகு எனக்கே பயம் பிடிச்சிட்டுது. விடவும் தெரியேல்லை. அவன் அசையேல்லை. என்ரை கையிலை மெல்லமா ரெண்டு தரம் தட்டினான். எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. நான் அவன்ரை கழுத்தை நெரிக்கிறன், அவன் என்னைப் பால்குடி மாதிரித் தட்டிக்குடுக்கிறான். அழாதை ராசா எண்டமாதிரி. விட்டிட்டு, சப்பாத்தை மட்டும் போட்டுக்கொண்டு ஓடி வந்திட்டன். பஸ்ஸுக்குள்ளை ஏறி இருந்து, என்ரை சீவன் உள்ளவரைக்கும் இவனை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்.

மலர்: இந்த ஒரு மாசக் கோவமும் அதுக்கோ?

றெமிஜியஸ்: வேறை எதுக்கெண்டு நினைச்சாய்? ஜப்பான்காரன் எண்டதுக்கோ? அது ரெண்டு நாளிலை ஆறிப்போச்சு. மனிசர் ஜப்பானிலையும் பிறக்கத்தானே வேணும்... நல்லாய் யோசிச்சுச் சொல்லு. கை முறியேக்கையும் தட்டாத மனிசன்?

மலர்: தட்டாத மனிசன்.

றெமிஜியஸ்: அவர் நினைச்சிருந்தா என்னைத் தூக்கி டயர்க் கடைக்குள்ளை எறிஞ்சிருக்கலாம்.

மலர்: ஒற்றைக் கையாலை.

றெமிஜியஸ்: முறிஞ்ச கையாலை எறிஞ்சிருப்பார். ... அப்ப அந்த இருபத்திரண்டு...

மலர்: என்ன?

றெமிஜியஸ்: ஒண்டுமில்லை. உந்த லைற்றிலை வலக்கைப் பக்கம் திரும்பு.

மலர்: உங்களுக்கு வழி நல்லாத் தெரியுது.

றெமிஜியஸ்: வாயை மூடிக்கொண்டு ஓடு. ... பீடத்தடிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். ஆனா மெல்லமா நட. என்ரை நாரி நோவுக்குப் பாட்டுக்காரியளின்ரை வேகத்துக்கு நடக்கேலாது. பேபியக்காவுக்கும் சொல்லிவிடு, நவநாளை நிப்பாட்டட்டாம்.

மலர்: தொடங்கினதை நிப்பாட்டக்கூடாதாம். அவ அதை வேறை ஆருக்காவது ஒப்புக்குடுப்பா... அண்ணை, கண்ணைத் துடையுங்கோ. வந்திட்டம்.

றெமிஜியஸ்: ஹீற்றர்க் காத்து. ... மலர், நான் உனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லாதை. தெரியாதமாதிரியே இரு. அவரும் உன்னட்டைச் சொல்லியிருக்கமாட்டார், அப்பிடிப்பட்ட மனிசன். ஆர் கேட்டாலும் அண்டைக்கு நான் பிள்ளையார் கோயிலுக்குப் போனனான். விளங்கிச்சுதே?

மலர்: விளங்கிச்சுது.

றெமிஜியஸ்: பெல்ற்றைக் கழட்டிவிடு. வெளியிலை என்ன குளிர். இந்தக் காதோடை எப்பிடி இறங்கிறது...

மலர்: பின்சீற்றிலை ஒரு பை கிடக்கு, எடுங்கோ. பிள்ளையார் உங்கடை தொப்பியைத் தோய்ச்சு, மடிச்சுக் குடுத்துவிட்டு மூண்டு கிழமையாச்சு.