சமோசாவில் முடிந்த பன்னிரண்டு புகார்கள்

முதலில் சமோசாவை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, உங்கள் விசாரணை அப்புறம் இருக்கட்டும், ஆறினால் வீண். அப்துல் வஹீத் பாய் கடைச் சமோசாவைத் தின்றுகொண்டே ஆம்பூரில் எவனும் சண்டை போட்டதில்லை. பதினேழு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தத் தோல் பயிற்சி நிலையத்தில் தலைமை எழுத்தர் நான், தணிகைவேல். பாகுபாடு காட்டுகிறார்கள் என்று யார் மனு எழுதினாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். மேலே அனுப்பினால் விசாரணை, மெமோ, எல்லோருக்கும் பேஜார். அதனால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து நானே பேசி முடித்துவிடுவேன். பன்னிரண்டு புகார் வந்தது. ஒன்றுகூட விசாரணைக்குப் போகவில்லை. துறைக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள்.

நேற்று என் பீரோவிலிருந்து எடுத்தீர்களே, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத்தாள் கட்டு, அது என் ஏற்பாடுதான். வேலைக்குச் சேரும் அன்றே ஒவ்வொருவரிடமும் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கி வைப்பேன். திடீரென்று சாவு, காய்ச்சல் என்றால் லீவு லெட்டருக்கு அவர்கள் ஓடிவர வேண்டாமே.

அமிர்தவள்ளி எழுபத்தொன்பதில் சேர்ந்தாள். பேரணாம்பட்டுக் காலனிப் பெண், டைப்பிங்கில் ஹையர் பாஸ். அந்தக் குடும்பத்தில் அரசாங்க வேலை பார்த்த முதல் ஆள். அவள் அடிக்கும் சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்கும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலனிப் பெண் பக்கத்தில் உட்கார்வது ஆபீசில் இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை. கண்காணிப்பாளர் பரந்தாமன் அவளைக் கிடங்குக்கு அனுப்பி, வந்த தோலை எண்ணச் சொன்னார். கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்து எட்டு மாதம் எண்ணினாள். அப்புறம் மனு எழுதினாள்.

கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இன்னாத்துக்கும்மா பேஜாரு? ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. நானே பேசி உள்ள கூட்டிட்டு வர்றேன்."

"கிடங்குக்கு அனுப்பின அன்னிக்கும் இதான் சார் சொன்னீங்க. ஆர்டர்ல டைப்பிஸ்ட்னு போட்டிருக்கு. எனக்கு சமோசா வேணாம், அந்த நாற்காலி வேணும்."

"மேல போனா உன் பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். திங்கக்கிழமை நானே மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குக் கொண்டு போறேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை, எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அவளுடைய முதல் தாளில், புகாரைத் திரும்பப் பெறுவதாக அடித்தேன். மறுபடி எழுதுவாளே என்று தோன்றியது. இரண்டாவது தாளில் ராஜினாமா அடித்தேன். அவள் மெஷினில்தான் அடித்தேன், அது சும்மாதானே கிடந்தது. சனிக்கிழமையே பரந்தாமன் ஏற்றுக்கொண்டார், ஆள் மூலம் மெட்ராசுக்கு அனுப்பிவிட்டேன். திங்களன்று அவள் அங்கே மனுவை நீட்டியபோது, "நீதான் வேலைய விட்டுட்டியேம்மா" என்று அவள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்களாம்.

போன மாதம் அவள் தெரு வழியாகப் போனேன். வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்ன வேகம் தெரியுமா ஐயா, அதே விரல். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பகை இருந்தால் ஏசியிருக்க மாட்டாளா? நாலு வருடமாக அவள் விடாமல் எழுதியதால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்கிறீர்கள். எனக்கு நம்ப முடியவில்லை.

மற்ற பதினோரு பேருக்கும் அப்படித்தான் முடித்தேன். அவர்கள் சமோசா தின்று கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள், புகாரைத் திரும்பப் பெற்ற தாள் கோப்பில் ஏறியிருக்கும். யாருக்கும் மனவருத்தம் வரவிட்டதில்லை.

அவ்வளவுதான் ஐயா, மறைக்க ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இது வெறும் தாளாக இருக்கிறதே. நான் சொன்னதை நாளைக்கு இதில் அடித்துக்கொள்கிறீர்களா? மன்னியுங்கள். அடித்தே கொண்டுவாருங்கள், ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போடுகிறேன். வெற்றுத்தாளில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?