ஓட்டலில் வாங்காத நூடுல்ஸ்

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"நான் செஞ்ச நூடுல்ஸை ஓட்டல்ல வாங்கினதுன்னு சொல்லிட்டாருக்கா, அதுவும் ஒரு ஜப்பான்காரர்கிட்ட!"

"யாரு, உன் வீட்டுக்காரரா?"

"வேற யாரு? கம்பெனிக்கு வந்திருக்கிற ஜப்பான் இன்ஜினியரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்ட்டாரு. அவங்க ஊரு மாதிரியே செய்யலாம்னு நானும் பலதடவை செஞ்சு பழகினேன். நூடுல்ஸைக் குழையாம வேக வெச்சு, கோழியைப் பொடிசா நறுக்கி, கோஸு, வெங்காயத்தாள் எல்லாம் போட்டு, சோயா சாஸ் ஊத்தி, பெரிய தீயில வதக்கினா கை கழண்டு போவுது."

"நல்லா வந்துச்சா?"

"ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. இவரு ஓட்டல்னுட்டாரு! வீட்ல செஞ்சதுன்னா கௌரவக் குறைச்சலாம். நான் கிச்சன்ல வேர்த்துக் கொட்டி நின்னுக்கினு கீறேன்."

"நீ சும்மாவா விட்டே?"

"சுடச்சுட வாணலியைத் தூக்கிக்கினு ஹாலுக்கே போயிட்டேன். 'நோ ஓட்டல் சார், மை குக்கிங்'னு சொன்னேன். அந்த மனுசன் எழுந்து நின்னு, குனிஞ்சு வணக்கம் சொன்னாருக்கா."

"உன் வீட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

"அவரு மானத்தை வாங்கிட்டேனாம். நேத்துலேர்ந்து என்கிட்ட பேச்சே இல்ல. கோவிச்சிக்க வேண்டியது நான்க்கா! அதுலயும் அவரே முந்திக்கிட்டாரு."