பானட்டுச் சூடு

1991 கோடை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் உட்கார இடமே இல்லை. ஒருத்தன் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானட்டின் மேல் உட்கார்ந்தான். உடனே அவன் பெண்டாட்டி கத்தினாள்.

"யோவ், எழுந்திரு! நமக்குப் புள்ள வேணாமா?"

"மெதுவா பேசு மே."

"டாக்டரு இன்னா சொன்னாரு? விதை சூடானா உயிரணு உருவாவாதாம். அதுக்குத்தான் ஆண்டவன் வெளிய தொங்க வுட்டுக்கீறான். ஃபர்னஸ்ல நீ வேகறது பத்தலியா? உங்கம்மா என்னைத்தான மலடின்றாங்க. இன்னிக்கே வேற செக்‌ஷன் கேளு."

"சூப்பர்வைசரு எதுக்குன்னு கேட்டா?"

"வறுத்த நெல்லு முளைக்குமான்னு கேளு."

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான்.

சிரித்த ஆண்களில் ஒருத்தன்கூடக் கடைசிவரை அந்தப் பானட்டில் உட்காரவில்லை.