சாயம் பிடிக்கிற நேரம்

...இல்லக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நிறுத்திக் குடுங்கம்மான்னு கேட்டுத்தானே போனேன்? அந்தக் கவுன்சிலிங் குடுக்குற அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? "நிறுத்த வேணாம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்"ங்கறாங்க! வீட்டுல எலித் தொல்லைன்னு போனா, எலிக்குப் பாய் விரிச்சுக் குடுங்கன்னு சொல்ற மாதிரி இல்ல?... தலைய ஆட்டாதீங்க, சாயம் காதுல வழியுது பாருங்க.

எதுக்குப் படபடப்புன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்றேன். எனக்கு அமைதின்னா ஆகாதுக்கா. ரெண்டு பேர் உக்காந்திருந்து யாரும் பேசலைன்னா, நெஞ்சுக்குள்ள யாரோ பாத்திரத்த உருட்டற மாதிரி இருக்கும். உடனே எதையாவது பேசி அமுக்கிடுவேன். போன வாரம் ஒரு பொண்ணு, மருந்துக்கடை எங்கன்னு வழி கேக்க உள்ள வந்தா. பேசிக்கிட்டே உக்கார வெச்சு, துண்டப் போத்தி, முடியையும் வெட்டி விட்டுட்டேன்! பாவம், அழுதுகிட்டே போனா. வெட்டு நல்லாத்தான் வந்திருந்துச்சு, அது வேற விஷயம்.

எங்க விட்டேன்? ஆங், அந்தம்மா. "படபடப்பே இல்லைன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சட்டுனு வாயில வந்துருச்சு, "என் மக பேசறத முழுசா கேட்டிருப்பேன்"னு... எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலக்கா. வேலைக்குப் போற பொண்ணு, தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. போன்ல, "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிப்பா. நான் நடுவுல பூந்து, சாப்ட்டியா, தூங்கினியா, மேல் வீட்டுக்காரி பண்ணினதக் கேளுன்னு... "ஒண்ணுமில்லம்மா, வெச்சிடறேன்"ம்பா. இப்பல்லாம் ஆரம்பிக்கறதே இல்ல.

"அப்ப படபடப்பு போகட்டும்னு ஏன் காத்துக்கிட்டிருக்கீங்க? அதையும் வெச்சுக்கிட்டே கேளுங்க"ங்கறாங்க அந்தம்மா. கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டுச் சமைக்கற மாதிரியாம். அது பாட்டுக்குக் கத்துமாம், நாம பாட்டுக்குக் கிளறணுமாம். சொல்றது சுலபம்!

இன்னிக்கு சாயங்காலம் மக வரேன்னிருக்காக்கா. நேர்லதான் சொல்லணுமாம். அதான் காலையிலேர்ந்து, வர்றவங்ககிட்டல்லாம் பேசாம இருந்து பழகிக்கிட்டிருக்கேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க?... என்ன, எரியுதா? கழுவணுமா? இருங்க, இத ஒண்ண முடிச்சுக்கறேன்.

இப்பப் பாருங்க. கண்ண மூடிக்கறேன். வாயத் திறக்கவே மாட்டேன். நீங்க பேசுங்க.

...

வந்துருச்சுக்கா, உருட்ட ஆரம்பிச்சிருச்சு. உருட்டட்டும். நான் பேசல. இது பேச்சில்ல, சும்மா தகவல் சொன்னேன்.

...

ஏன்க்கா, நீங்களும் பேச மாட்டேங்கறீங்க?... அக்கா?... ஐயையோ! தலையில சாயத்தோடவா எழுந்து போயிட்டாங்க! துண்டு வேற என்னுது! ஏக்கா!... அந்தா ஓடறாங்க, யாரையோ இடிச்சுக்கிட்டு... யாரு அது, இடி வாங்கினது... அட, என் மக!

வாம்மா! என்ன இவ்ளோ சீக்கிரம்? இளைச்சுட்டியே! அந்த மேல் வீட்டுக்காரி என்ன பண்ணினா தெரியு...

இல்ல. ஒண்ணுமில்ல. உக்காரு, நாற்காலி காலியாத்தான் இருக்கு.

சொல்லு.

...

ம்.

...

...

ம்.