நாற்காலி அகலமா இருக்குமா?

ஓட்டலில் அகலமான நாற்காலியைப் பார்த்தால் எனக்கு இன்னும் எழுபதுகளின் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர்தான் ஞாபகம் வருகிறது. பொன்னேரியில் ஏறிய அக்காவும் தம்பியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். பழவேற்காட்டில் வலை வீசும் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது, அன்றைய விருந்துக்குப் பட்டணத்தில் ஓட்டல் பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“அந்த ஏ.சி. ஓட்டல்ல நாற்காலி அகலமா இருக்குமாடா?” என்றாள் அக்கா.

“இன்னாக்கா, சாப்பாடு எப்டின்னு கேக்காம நாற்காலியக் கேக்குற!”

“நைனா சம்மணம் போட்டுத்தான் துன்னுவாரு. காலத் தொங்கப்போட்டா அவருக்குச் சோறு எறங்காது.”

“மவுண்ட் ரோட்டுல சம்மணமா? சிரிப்பானுங்க.”

“சிரிக்காத ஓட்டலாப் பாரு.”

“அதுக்கு ஊட்லயே தரையில எல போட்டுடலாமே. எதுக்கு இந்தப் பேஜாரு?”

“நானும் அதான் சொன்னேன். ‘ஊட்ல வச்சா உங்கம்மா பரிமாறிக்கினே நின்னுடுவா. ஓட்டல்னாதான் எம் பக்கத்துல குந்தித் துன்னுவா’ன்னாரு.”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி பேசின் பிரிட்ஜைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

“அம்மாவும் சம்மணம்தானேக்கா. அப்ப அகலமா ரெண்டு நாற்காலி வேணுமே.”