அடி லேயரில் கிடந்த பாஸ்வேர்ட்

கேசினி: பையை ஏன்டா அடுக்கிறாய், ஜோசுவா? முதலாளி சிஞ்ஞோரா இன்னும் முடிவாச் சொல்லேல்லையே...

ஜோசுவா: சொல்லிப்போட்டா, கேசினி அக்கா. இண்டையோடை வேலை முடிஞ்சுதாம்.

கேசினி: இண்டைக்கேயோ! ஏசிப்போட்டு விட்டிடுவா எண்டெல்லோ நினைச்சன்...

ஜோசுவா: கப்பல் பயணிகளின்ரை விவரம் முழுக்கத் திறக்கிற பாஸ்வேர்ட். அதை, புரோகிராமைப் பொதியாக் கட்டி அனுப்புற இமேஜுக்கை வைச்சு, எங்களிட்டை வாங்கிற நாப்போலிக் கொம்பனிக்கு அனுப்பினா, கேக் வெட்டுவாவே?

கேசினி: பகிடியை விடு. பலேர்மோவிலை கொம்பியூட்டர் வேலை என்ன, மரக்கறிக் கடையிலையே விக்குது? நான் அவவோடை கதைக்கிறன். "பெடியன் பாஸ்வேர்ட் ஃபைலை அழிச்சவன்தான், சின்னப் பிழை" எண்டு...

ஜோசுவா: அழிச்சா எப்பிடி அவையின்ரை கையிலை கிடைச்சது?

கேசினி: இவ்வளவு நாளா இமேஜ் கட்டுறாய், தெரியாதே? லேயருக்கு மேலை லேயராத்தானே கட்டுறம். கட்டின லேயரைப் பிறகு மாத்தேலாது. மேல் லேயரிலை அழிச்சா ஃபைல் மறையும், அவ்வளவுதான். கீழை அப்பிடியே கிடக்கும்.

ஜோசுவா: கீழ் லேயரைத் தனியத் திறந்தா...

கேசினி: ஆரும் எடுக்கலாம்.

ஜோசுவா: இது எந்த லேயரிலை கிடந்தது?

கேசினி: உன்ரை... உன்ரை டிக்கெட் புரோகிராம் லேயரிலையாக்கும்.

ஜோசுவா: அது மேலையெல்லோ இருக்கு?

கேசினி: உந்த ஆராய்ச்சி இப்ப என்னத்துக்கு?

ஜோசுவா: சும்மா... அடி லேயரை நாங்கள் ஒவ்வொருக்காலும் புதுசாக் கட்டுறேல்லைத்தானே?

கேசினி: இல்லை. ஒருக்காக் கட்டிச் சேர்வரிலை சேமிச்சது. எல்லா இமேஜும் அதையேதான் பாவிக்குது.

ஜோசுவா: கட்டின திகதியும் பதிஞ்சு கிடக்கும், என்ன?

கேசினி: அதையெல்லாம் ஆர் போய்ப் பாக்கிறது...

ஜோசுவா: பாஸ்வேர்ட் கிடந்தது அந்த அடி லேயரிலை; கட்டினது போன வருசம் மார்ச், அக்கா. அப்ப நான் துறைமுகத்திலை இரும்புக் கொண்டெய்னர் இறக்கிக்கொண்டு நிண்டனான். இஞ்சை இமேஜ் கட்டினது நீங்கள் ஒராள்தான்.

கேசினி: எப்ப... எப்ப பாத்தனீ?

ஜோசுவா: நேற்று. சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட முந்தி.

கேசினி: தெரிஞ்சுகொண்டே ஏனடா அவவிட்டை "நான்தான்" எண்டனீ?

ஜோசுவா: "ஆர் செய்தது" எண்டு அவ கேக்கேல்லையே. "நீதான் செய்தனியாம், கேசினி சொல்லுறா, உண்மையோ" எண்டெல்லோ கேட்டவ. நான் இல்லையெண்டிருந்தா உங்கடை வேலையெல்லோ போயிருக்கும்; பிறகு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை எந்த வேலையைக் காட்டி பெர்மெசோ விசாவைப் புதுப்பிப்பியள்? என்னட்டை இத்தாலிப் பாஸ்போர்ட் கிடக்கு... எனக்குப் போறது வேலை மட்டும்தான், அக்கா.