முத்திரைக்கு ஏற்ற கெட்டில்

ஆன்லைனில் வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் பெட்டியைப் பிரித்துப் பொருளைப் பார்ப்பார்கள். நான் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். தொழில் அப்படி. மின்சாமான்களில் போட்டிருக்கும் பாதுகாப்பு முத்திரை அசலா போலியா என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மயிரிழை பிசகினாலும் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி எனக்குத் தெரிந்துவிடும்.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், போன வருஷம் ஒரு ஸ்டீல் கெட்டில் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு குடும்பமும் அவர் வீட்டில் கூடுவது வழக்கம். அன்று எல்லோர் முன்னாலும் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை போலி. அதன்கீழ் இருந்த பதிவு எண் ஏதோ ஒரு ஹேர் டிரையருக்குக் கொடுத்தது.

"இதைத் தொடாதீங்க. ஆளைக் கொன்னுடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை ஊற்றி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கொதித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் கப் டீ எனக்குத்தான். "இந்த வாரமும் சாகல, ஸ்டிக்கர் சார். மன்னிச்சுக்குங்க" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். அவர் பிள்ளைகள் என்னை ஸ்டிக்கர் பெரியப்பா என்றார்கள். என் மனைவி முதல் இரண்டு வாரம் அவரை அதட்டினாள். மூன்றாவது வாரம் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கோபக்காரன் இல்லை, அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு வருஷம் முழுக்க, வாரம் தவறாமல் அவமானமாக இருந்தது.

சிரிக்காதவள் கொழுந்தியாள் ஒருத்திதான். நான் சொன்ன நாளிலிருந்து அவள் அந்தக் கெட்டிலைத் தொட்டதே இல்லை. தனக்கு வேண்டிய வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்வாள். போன மாதம் ஒரு புதன்கிழமை, கெட்டிலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அத்தான், இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. தினம் அவர் சுவிட்சைப் போடும்போது நான் அடுப்படியை விட்டு வெளியே போய் நின்னுக்கறேன். இப்ப அவர் வெளியூர் போயிருக்கார், சனிக்கிழமை வந்துடுவார். மோசம்னா அவர்கிட்ட சொல்லாம தூக்கிப் போட்டுடறேன்."

பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. கம்பிகள் தடிமனானவை, இணைப்புகள் உறுதியானவை. அசல் முத்திரை வாங்கிய சில கெட்டில்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். தயாரித்தவர்கள் முறையாகச் சோதனைக்கு அனுப்பச் சோம்பல்பட்டு ஒரு முத்திரையை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். சகலை சாகும்வரை அதில் டீ போடலாம். சாகும்வரை என்னை ஸ்டிக்கர் சார் என்றும் கூப்பிடலாம்.

மேஜையில் அதை மறுபடி கவிழ்த்து வைத்தேன். அடியில் ஒன்று, உள்ளே ஒன்று என்று இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. முத்திரையை நல்லதாக்க என்னால் முடியாது. உள்ளே இருப்பதை முத்திரைக்குச் சமமாக்க முடியும். பத்து நிமிஷ வேலை.

வெள்ளிக்கிழமை அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா. பயப்படாதே. உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, என் மானம் கப்பலேறிடும்" என்றேன்.

அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தான்" என்று சிரித்தாள். சொல்லவும் இல்லை.

என் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு. எல்லோர் முன்னாலும் சகலைதான் கெட்டிலைத் தூக்குவார், ஒரு அதிர்ச்சி வாங்குவார், பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். அவர் தினமும் அதைத் தொடுகிறவர் என்று அவளே சொல்லியிருந்தாளே, ஞாயிறு வரை எப்படிப் பொறுக்கும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவள் தனியாக இருந்தபோது தனக்கு டீ போடப் போனாள். என் பேச்சை நம்பி ஒரு வருஷம் தொடாமல் இருந்தவள், என் பேச்சை நம்பித்தான் தொட்டாள். உனக்கு வேண்டாம் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள். பிறகு எதை வைத்து நிரூபிப்பது?

கெட்டில் சோதனைக்கு எங்கள் கூடத்துக்கே வந்தது. அறிக்கையை நான்தான் எழுதினேன். போலி முத்திரை, உள்ளே பாதுகாப்பு இணைப்பு இல்லை. இரண்டும் உண்மை. மறுநாளே அந்த மாடல் கெட்டிலையே விற்பனையிலிருந்து எடுத்தார்கள். மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விசாரிக்க வந்த நீங்கள் மட்டும் வேறொரு வீட்டிலிருந்து அதே கெட்டிலை வாங்கி வந்து பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆமாம், அவள் சாவுக்கு நான்தான் காரணம்.

வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நல்ல பெண். அவளைக் கிடத்தியிருந்த கூடத்துக்குள் நான் நுழைந்ததும் சகலை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே. நான்தான் கேக்கல. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். என் மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். குனிந்து அவரைத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அழுகைச் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காதோ என்று தோன்றியது. அவர் இன்னொரு முறை சொல்லும்வரை நின்றேன்.